ஜெர்மனியின் உயர்கல்வி முறை: வெளிநாட்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியில் படிப்பது பற்றித் தமிழில் தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவருக்குச் சரியாக இருந்த தகவல் இன்னொருவருக்கு ஏன் தவறாகிப் போகிறது என்பது பலருக்கும் புரிவதில்லை. அந்நாட்டில் விதிகளை யார் வகுக்கிறார்கள், அவை எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே உள்ள விடைகள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டவை.

ஜெர்மனியில் கல்வியை நிர்வகிப்பது மத்திய அரசா, மாநில அரசுகளா?

மாநில அரசுகள்தான். நாட்டின் 16 மாநிலங்களுக்கும் தனித்தனிக் கல்வி அமைச்சகம், தனித்தனிப் பள்ளிச் சட்டம், தனித்தனி உயர்கல்விச் சட்டம் உண்டு. மாநிலங்களுக்கிடையே பெரிய வேறுபாடுகள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, கேஎம்கே என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி அமைச்சர்கள் மாநாடு 1948 முதல் இயங்கி வருகிறது. வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் மைய அலுவலகமும் அந்த அமைப்பின் கீழேயே உள்ளது.

மாநிலச் சட்டத்துக்குக் கீழே பல்கலைக்கழகங்களின் தன்னாட்சி வருகிறது. அதற்கும் கீழே, ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனியாக ஒரு தேர்வு விதிமுறை உண்டு. ஜெர்மன் மொழியில் இதைப் ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங் என்பார்கள். எத்தனை முறை தேர்வு எழுதலாம், எந்தப் பாடம் கட்டாயம், ஆய்வேட்டுக்கு எத்தனை மாத அவகாசம் என்பவற்றையெல்லாம் சட்டபூர்வமாகத் தீர்மானிப்பது இந்த ஆவணமே. எனவே டிரெஸ்டனில் இயந்திரவியல் படிக்கும் நண்பரின் அனுபவம் ஸ்டுட்கார்ட்டில் கணினி அறிவியல் படிக்கப்போகும் உங்களுக்கு வழிகாட்டியாக இருக்கலாமே தவிர, விதியாக இருக்க முடியாது.

பட்டப்படிப்புக்கு வருபவர் அந்நாட்டின் பள்ளி முறையை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

உங்கள் பள்ளிச் சான்றிதழ் எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான். பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்கு ஆண்டுகள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு ஆண்டுகள். அதன்பின் பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். அவற்றுள் பல்கலைக்கழகத்தை நோக்கி நேராகச் செல்லும் வழி கிம்னாசியம் எனப்படும் பள்ளி. தொடக்கப் பள்ளியையும் சேர்த்து மொத்தம் 12 அல்லது 13 ஆண்டுகள் அங்கே முடித்து, அபிட்டூர் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர் நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் எந்தத் துறைக்கும் விண்ணப்பிக்கலாம். பத்து வயதிலேயே பாதை பிரிக்கப்படுவது குறித்து ஜெர்மனிக்குள்ளேயே நீண்டகால விவாதம் உண்டு. எல்லா வகை மாணவரும் ஒன்றாகப் படிக்கும் பொதுப் பள்ளிகள் அதன் விளைவாகவே பெருகின.

பிளஸ் டூ முடித்தவுடன் இளங்கலையில் நேரடியாகச் சேர முடியுமா?

இந்தியப் பள்ளிச் சான்றிதழ் மட்டும் இருந்தால் பெரும்பாலும் முடியாது. கேஎம்கேயின் அனபின் என்ற இணையத் தரவுத்தளத்தில் நாடுவாரியாக, சான்றிதழ்வாரியாக இதற்கான விதிகள் தரப்பட்டுள்ளன. இலங்கைச் சான்றிதழ் உள்ளவர்கள் இந்தியாவுக்கான விதியைப் படித்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. இந்திய மாணவர்களைப் பொறுத்தவரை, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேறியவர்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட இந்தியப் பல்கலைக்கழகத்தில் குறிப்பிட்ட காலம் வெற்றிகரமாகப் படித்தவர்களுக்கும் தொடர்புடைய துறையில் நேரடி வழி திறக்கலாம்.

மற்றவர்களுக்கு ஷ்டூடியன்கோலெக் எனப்படும் ஆயத்தக் கல்லூரி இருக்கிறது. இது இரண்டு பருவங்கள் (செமஸ்டர்கள்) கொண்ட படிப்பு. பொறியியல், கணிதம், இயற்கை அறிவியல் படிக்கப்போகிறவர்களுக்கு டி வகுப்பு, மருத்துவம், உயிரியல் சார்ந்தவர்களுக்கு எம், பொருளாதாரத்துக்கு டபிள்யூ, மானுடத் துறைகளுக்கு ஜி, மொழிகளுக்கு எஸ். எந்த வகுப்பில் தேறுகிறீர்களோ அதற்குரிய துறைகளில்தான் பின்னர் விண்ணப்பிக்க முடியும் என்பதால், வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே பட்டப்படிப்பையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். இதில் சேரவே நுழைவுத் தேர்வு உண்டு. அது பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பது. ஐரோப்பிய மொழித்திறன் அளவில் இடைநிலையான பி1 அல்லது பி2 நிலை ஜெர்மன் இல்லாமல் அந்தத் தேர்வு அறைக்குள் போவதில் பயனில்லை. அரசு ஷ்டூடியன்கோலெக்குகள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. தனியார் நடத்துபவை வாங்கும். தனியார் நிறுவனத்தில் சேர்வதற்கு முன், அதன் இறுதித் தேர்வை அந்த மாநிலம் ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்னரே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

பல்கலைக்கழகம், ஃபாக்ஹோக்ஷூலே ஆகிய இரண்டில் எது உயர்ந்தது?

இரண்டும் தரும் இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் சட்டப்படி ஒரே நிலையில் உள்ளவை. வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஆய்வை மையமாகக் கொண்டது. 1386இல் தொடங்கிய ஹைடெல்பர்க், 1810இல் கற்பித்தலும் ஆய்வும் ஒன்றே என்ற கொள்கையோடு தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மரபு அது. ஃபாக்ஹோக்ஷூலேக்கள் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும், தொழில்துறைக்குத் தேவையான பயிற்சியை அளிக்கவென்று உருவாக்கப்பட்டவை. இப்போது பெரும்பாலானவை தம்மைப் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் என்று அழைத்துக்கொள்கின்றன. அங்கே பேராசிரியராக வருவதற்கு முனைவர் பட்டத்தோடு, பொதுவாக ஐந்தாண்டுத் தொழில் அனுபவமும் வேண்டும். அதில் குறைந்தது மூன்றாண்டு கல்வித்துறைக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். வகுப்பு சிறியது, பாடத்திட்டம் இறுக்கமானது, ஒரு பருவம் முழுக்க நிறுவனத்தில் பயிற்சி பெறுவது பல படிப்புகளில் கட்டாயம்.

முனைவர் பட்டம் வழங்கும் உரிமை நெடுங்காலம் பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. 2016இல் ஹெஸ்ஸன் மாநிலம் ஃபுல்டாவில் உள்ள ஃபாக்ஹோக்ஷூலேக்கு முதன்முதலாக அந்த உரிமையை வழங்கியது. பின்னர் வேறு சில மாநிலங்களும் அதே வழியில் நடக்கின்றன. ஆய்வுத்துறையில் தொடர நினைப்பவர் பல்கலைக்கழகத்தையும், படித்து முடித்த கையோடு தொழிற்சாலைக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ போக நினைப்பவர் ஃபாக்ஹோக்ஷூலேயையும் முதலில் பார்க்கலாம் என்பது என் கருத்து. "பெயரில் யுனிவர்சிட்டி இருக்க வேண்டும்" என்று வீட்டில் சொல்வதற்காக மட்டும் ஒன்றை விலக்குவது வீண்.

மூன்றாவதாக, நிறுவனத்தில் வேலையும் வகுப்பும் மாறி மாறி வரும் இரட்டைப் படிப்பு முறையும் உண்டு. 2009இல் உருவான பாடன்-வுர்ட்டம்பர்க் இரட்டைப் பல்கலைக்கழகம் இதில் பெயர் பெற்றது. ஆனால் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும் என்பதாலும், அந்த உரையாடல் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும் என்பதாலும் வெளியிலிருந்து நேராக வருபவர்களுக்கு இது எளிதான வழியன்று.

உலகத் தரவரிசையைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யலாமா?

தரவரிசையில் மேலே இருப்பது ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் பெரிதும் சார்ந்தது. இளங்கலை மாணவரின் வகுப்பறைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. பெரும்பாலான மாணவர்கள் படிப்பது அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களில்தான். அவற்றுக்கிடையே கற்பித்தலில் உள்ள இடைவெளி வேறு பல நாடுகளில் காணப்படும் அளவுக்குப் பெரியதன்று. ஆஹன், பெர்லின், பிரவுன்ஷ்வைக், டார்ம்ஷ்டாட், டிரெஸ்டன், ஹனோவர், கார்ல்ஸ்ரூ, மியூனிக், ஸ்டுட்கார்ட் ஆகிய ஒன்பது தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் டியூ9 என்ற கூட்டமைப்பில் உள்ளன. பொறியியலில் அப்பெயர்களுக்கு மதிப்பு உண்டு என்பதும் உண்மையே. அதற்காக மற்றவை தாழ்ந்தவை என்று பொருளில்லை.

தரவரிசைப் பட்டியலில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை மோடுல்ஹாண்ட்புக் எனப்படும் பாட விவரக் கையேட்டுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு படிப்பின் இணையப் பக்கத்திலும் அது பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். ஒரு பாடத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம், எந்த மொழி, எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா, முன்னரே தேற வேண்டிய பாடம் எது, ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுமா என்பவையெல்லாம் அதில் இருக்கும். தலைப்பு ஒன்றாக இருக்கும் இரு படிப்புகள் உள்ளே எவ்வளவு வேறுபடுகின்றன என்பது அப்போதுதான் தெரியவரும்.

கல்விக் கட்டணமே கிடையாது என்பது உண்மையா?

பெருமளவு உண்மை, முழு உண்மையன்று. கட்டணத்துக்கு மத்திய அரசு விதித்திருந்த தடையை நீக்கிய 2005ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பல மாநிலங்கள் பொதுவான கல்விக் கட்டணத்தைக் கொண்டுவந்தன. எதிர்ப்பு வலுத்ததால் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாக நீடர்சாக்சன் 2014இல் விலக்கிக்கொண்டது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கும், இளங்கலையின் தொடர்ச்சியாக வரும் முதுகலைக்கும் வெளிநாட்டவரிடமும் கட்டணம் இல்லை.

விதிவிலக்குகள்தான் கவனிக்க வேண்டியவை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017/18 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஹைடெல்பர்க், கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட், ஃப்ரைபர்க் எல்லாம் அந்த மாநிலத்தில் உள்ளவை. பவேரியாவில் சட்டம் மாறியதைத் தொடர்ந்து, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024/25 குளிர்காலப் பருவம் முதல் புதிதாகச் சேரும் அத்தகைய மாணவர்களிடம் இளங்கலைக்குப் பருவத்துக்கு 2,000 முதல் 3,000 யூரோ, முதுகலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ என்று கட்டணம் நிர்ணயித்தது. பணி அனுபவம் கேட்கும் சிறப்பு முதுகலைப் படிப்புகளும் தனியார் நிறுவனங்களும் எந்த மாநிலத்திலும் கட்டணம் வாங்கலாம்.

இவற்றுக்கு அப்பால், பருவப் பங்களிப்பு என்ற தொகையை எல்லோரும் செலுத்தியாக வேண்டும். இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 100 முதல் 400 யூரோ வரை வரும் இத்தொகை, மாணவர் நலச் சேவைகளுக்கும், பல ஊர்களில் பொதுப் போக்குவரத்துப் பயணச் சீட்டுக்கும் செல்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் குறித்த நாளுக்குள் இதைக் கட்டினால்தான் அடுத்த பருவத்துக்கான பதிவு புதுப்பிக்கப்படும். கட்டத் தவறினால் மாணவர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். பெயர் நீங்கினால் தங்கும் உரிமையும் கேள்விக்குள்ளாகும்.

விண்ணப்பம் எங்கே, எப்போது அனுப்ப வேண்டும்?

பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. கோடைப் பருவம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஃபாக்ஹோக்ஷூலேக்கள் பலவற்றில் இவை ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கும். வழக்கமான கடைசி நாள் குளிர்காலத்துக்கு ஜூலை 15, கோடைக்கு ஜனவரி 15. ஆனால் வெளிநாட்டுச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு, குறிப்பாக ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகளுக்கு, பல மாதம் முன்னரே கதவு அடைபட்டுவிடுவதுண்டு. குளிர்காலப் பருவத்தில் மட்டுமே மாணவர் சேர்க்கும் படிப்புகளும் நிறைய.

சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. பல, யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாக வாங்குகின்றன. அங்கே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. யூனி-அசிஸ்ட் ஆவணங்களைச் சரிபார்த்து, மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றி அனுப்பும். இடம் தருவதா இல்லையா என்று முடிவு செய்வது பல்கலைக்கழகமே. சில இடங்களில் யூனி-அசிஸ்டிடம் முன் ஆய்வுச் சான்று மட்டும் பெற்று, விண்ணப்பத்தைத் தனியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு படிகளில் ஒன்றை மட்டும் முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து பருவத்தை இழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

இந்தியாவில் படித்தவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் இந்த நடைமுறை 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அது கைக்கு வரச் சில வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. ஆகவே எல்லாவற்றுக்கும் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

எங்கள் மதிப்பெண் ஜெர்மன் அளவில் எப்படி மாற்றப்படுகிறது?

ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சிக்கான எல்லை, 5.0 தோல்வி. எண் குறையக் குறைய மதிப்பு கூடும். வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்றத் திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு பயன்படுகிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

பத்துக்கு 7.5 சிஜிபிஏ பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கு 5 வேண்டும் என்றால், 2.5ஐ 5ஆல் வகுத்து 3ஆல் பெருக்கினால் 1.5, ஒன்றைக் கூட்ட 2.5. அதே 7.5, தேர்ச்சி எல்லை 4 ஆக உள்ள பல்கலைக்கழகத்தில் பெற்றது என்றால் விடை 2.25. பல முதுகலைப் படிப்புகள் 2.5ஐயோ அதற்கு நெருங்கிய எண்ணையோ எல்லைக்கோடாக வைத்திருப்பதால், இந்தக் கால் புள்ளி சாதாரண விஷயமன்று. உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தேர்ச்சி எல்லை அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்திடம் கடிதமாகக் கேட்டு வாங்கி இணையுங்கள்.

மதிப்பெண் போதுமானதாக இருந்தும் முதுகலை விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது?

பெரும்பாலும் கிரெடிட் கணக்கினால். ஐரோப்பிய நாடுகளின் பட்டங்களை ஒப்பிடத்தக்கவையாக்க 1999இல் தொடங்கிய போலோன்யா சீர்திருத்தத்தின் விளைவாக, பழைய டிப்ளோம் பட்டங்களின் இடத்தில் இளங்கலை, முதுகலை என்ற இரு படிகள் வந்தன. ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஓர் ஆண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு வீட்டில் படிக்கும் நேரமும் இதில் அடக்கம். இளங்கலைக்குப் பொதுவாக 180 அல்லது 210 கிரெடிட். முதுகலையையும் சேர்த்து மொத்தம் 300.

முதுகலை அறிவிப்பில் "கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை" என்று பாடவாரியாகக் கேட்டிருந்தால், அதைத் தேர்வுக் குழு எழுத்துக்கு எழுத்து பார்க்கும். முதுகலை என்பது இளங்கலையின் தொடர்ச்சி என்ற எண்ணம் அங்கே ஆழமானது. மெக்கானிக்கல் முடித்தவர் டேட்டா சயின்ஸுக்கு மாறுவது வேறு நாடுகளில் நடப்பதுபோல் இங்கே எளிதாக நடக்காது. இதற்கு ஒரு நல்ல தற்காப்பு உண்டு: நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தையும் அறிவிப்பில் கேட்ட தலைப்புகளோடு பொருத்தி, பாடத்திட்டப் பக்க எண்ணுடன் ஓர் அட்டவணை தயாரித்து இணைப்பது. "எஞ்சினியரிங் மேதமேடிக்ஸ் 2" என்ற தலைப்பை மட்டும் பார்த்து அதில் நிகழ்தகவு இருந்ததா என்று மதிப்பிடுபவரால் ஊகிக்க முடியாது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதுமா?

முதுகலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் ஏராளம். அவற்றை 1925இல் தொடங்கப்பட்ட டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தரவுத்தளத்தில் தேடலாம். இளங்கலையில், குறிப்பாக அரசு நிறுவனங்களில், ஜெர்மன்தான் முதன்மை. ஜெர்மன்வழிப் படிப்புக்கு டிஎஸ்ஹெச் என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் இரண்டாம் நிலை, அல்லது டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் நான்காம் நிலை என்பது வழக்கமான எதிர்பார்ப்பு.

படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும், மேலே சொன்ன தேர்வு விதிமுறையின் சட்டபூர்வமான வடிவம் ஜெர்மனில்தான் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு புரிதலுக்கு மட்டும். வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், பகுதிநேர வேலை எல்லாம் அப்படியே. வருவதற்கு முன் அடிப்படை நிலையான ஏ2 வரையாவது ஜெர்மன் படித்துவிட்டு வருவது நல்லது; வந்தபின் படித்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டவர்களுக்கு முதல் பருவத்தின் சுமையில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது.

வகுப்புகள் எப்படி நடக்கும்? வருகைப்பதிவு உண்டா?

பெரிய விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப்பதிவு இல்லை. ஒரு விரிவுரை 90 நிமிடம். கால அட்டவணையில் "10 சி.டி." என்று இருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், "10 எஸ்.டி." என்று இருந்தால் மிகச் சரியாகப் பத்து மணிக்கு. கால் மணி நேரச் சலுகை என்ற இந்தப் பழைய வழக்கம் தேர்வுக்குப் பொருந்தாது.

விரிவுரையோடு பயிற்சி வகுப்பும் இணைந்திருக்கும். வாரந்தோறும் கணக்குத் தாள் தரப்படும்; அதில் குறிப்பிட்ட விழுக்காடு புள்ளிகள் பெற்றால்தான் இறுதித் தேர்வுக்கே அனுமதி என்று பல துறைகளில் விதி உண்டு. கருத்தரங்க வகுப்புகள் வேறு மாதிரியானவை. அங்கே இருபது முப்பது பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பேராசிரியரின் கருத்தை மறுத்துப் பேசுவது அவமரியாதையாகக் கருதப்படாது. வாயே திறக்காமல் இருப்பதுதான் ஆர்வமின்மையாகத் தோன்றும். பருவ இறுதியில் தரும் கட்டுரையோடு, இதை நானே எழுதினேன், பயன்படுத்திய ஆதாரங்களைக் குறிப்பிட்டுள்ளேன் என்ற கையொப்பமிட்ட உறுதிமொழியும் தர வேண்டும். ஆதாரம் காட்டாமல் எடுத்தெழுதியது தெரிந்தால் மதிப்பெண் 5.0, கடுமையான நிலைகளில் படிப்பையே இழக்க நேரலாம்.

தேர்வு முறையில் வெளிநாட்டு மாணவர் தடுமாறும் இடம் எது?

மூன்று இடங்கள் உண்டு; மூன்றுமே விதி தெரியாததால் வருபவை.

முதலாவது, பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் வேறு வேறு. பருவம் முழுக்க வகுப்புக்குப் போயிருந்தாலும், இணைய வாசலில் குறித்த தேதிக்குள் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யாதவர் தேர்வு எழுத முடியாது. யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் ஆபத்துதான்: விலகும் கெடு முடிந்தபின் வராதவருக்கு அது தோல்வியாகப் பதிவாகும். உடல்நலமில்லை என்றால் உடனடியாக மருத்துவச் சான்றைத் தேர்வு அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே தேர்வே அந்தப் பாடத்தின் முழு மதிப்பெண்ணையும் தீர்மானிப்பது பல துறைகளில் வழக்கம். இன்டர்னல் மார்க் கைகொடுக்கும் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. தேறிய தேர்வை மதிப்பெண் உயர்த்துவதற்காக மறுபடி எழுதவும் பொதுவாக அனுமதி இல்லை, 3.7 வந்தால் 3.7தான்.

மூன்றாவதுதான் மிகக் கடுமையானது. தோல்வியடைந்த தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பல இடங்களில் மொத்தம் மூன்று வாய்ப்பு. ஒரு கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பிலும் தோற்றால், இறுதித் தோல்வி என்று அறிவித்து மாணவர் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். அதே படிப்பில், சில நேரம் அதற்கு நெருங்கிய படிப்பிலும், ஜெர்மனியின் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. அரியர் வைத்துக்கொண்டே போய்க் கடைசி ஆண்டில் மொத்தமாக முடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பேரிடி. இரண்டாம் முறை தோற்றவுடன், மூன்றாவதுக்குப் பதிவு செய்யும் முன், துறையின் படிப்பு ஆலோசகரைச் சந்திப்பது அவசியம் என்றே சொல்வேன். கடைசி வாய்ப்பை வாய்மொழித் தேர்வாக நடத்தும் துறைகளும் உள்ளன.

படிப்பு காலம் நீண்டுவிட்டால் என்ன ஆகும்?

இளங்கலைக்கு ஆறு அல்லது ஏழு பருவம், முதுகலைக்கு நான்கு பருவம் என்பது முறையான காலம். ஒன்றிரண்டு பருவம் கூடுதலாக எடுத்துக்கொள்வது உள்ளூர் மாணவரிடமும் சகஜம். பல்கலைக்கழகம் அதற்காகத் துரத்தாது. உங்களுக்கு உள்ள கூடுதல் நெருக்கடி வெளிநாட்டவர் அலுவலகத்திடமிருந்து வரும். தங்கும் அனுமதியை நீட்டிக்கும்போது எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான காலத்துக்குள் முடிப்பார் என்று பல்கலைக்கழகம் எழுதித் தந்தால் பெரும்பாலும் நீட்டிப்பார்கள்.

வாழ்க்கைச் செலவுக்கு என்ன ஏற்பாடு? வேலை செய்யலாமா?

விசாவுக்கு வழக்கமாகப் பிளாக்டு அக்கவுன்ட் காட்ட வேண்டும்: முன்கூட்டியே பணம் போட்டு, மாதந்தோறும் குறித்த தொகையை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு அது. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. மியூனிக் போன்ற நகரத்தில் வாடகைக்கே இதில் பெரும்பகுதி போய்விடும். கிழக்கு மாநிலங்களின் நகரங்களில் சமாளிக்கலாம். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது, கிடைத்தால் விடக்கூடாதது.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் சேர்க்கையே நடக்காது. 30 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுக் காப்பீட்டில் மாணவர் சலுகைக் கட்டணம் உண்டு. தொடக்கத்தில் மலிவாகத் தெரிகிறது என்று விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனவர், படிப்பு முடியும் வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது.

மருத்துவமும் சட்டமும் இதே முறையில்தானா?

இல்லை. மருத்துவம், மருந்தியல், சட்டம் ஆகியவை இளங்கலை, முதுகலை என்று பிரியாமல் அரசுத் தேர்வில் முடிகின்றன. மருத்துவத்துக்கு ஆறாண்டுக்கும் சற்று அதிகமான காலம், உயர்நிலை ஜெர்மன், கடும் போட்டி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கென்று ஒதுக்கப்படும் இடங்கள் மிகச் சில.

பட்டப்படிப்புக்குப் பதிலாக அவுஸ்பில்டுங் பற்றியும் கேள்விப்படுகிறோமே?

அது தொழிற்பயிற்சி. நிறுவனத்தில் வேலை, தொழிற்பள்ளியில் வகுப்பு என்று இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் நடக்கும்; மாதச் சம்பளமும் உண்டு. செவிலியர் முதல் மெகட்ரானிக்ஸ் வரை முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இந்த முறை இருக்கிறது. ஜெர்மன் சமூகத்தில் இது இரண்டாந்தரப் பாதையாகக் கருதப்படுவதில்லை. விசா வகை வேறு, ஜெர்மன் மொழி கட்டாயம், பட்டம் கிடைக்காது என்பவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

முனைவர் ஆய்வுக்கு எப்படிச் சேர்வது?

பெரும்பாலும் நுழைவுத் தேர்வோ பொதுவான கடைசி நாளோ கிடையாது. பொருத்தமான பேராசிரியரைக் கண்டுபிடித்து அவர் ஒப்புக்கொள்வதே சேர்க்கை. ஆய்வுப் பணியிடமாக விளம்பரம் செய்யப்படுபவற்றுக்கு அரசு ஊதிய அட்டவணையில் இ13 நிலைச் சம்பளம், பல துறைகளில் அதில் பாதியோ முக்காலோ. ஒரே மடலை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவதைவிட, ஒருவருடைய அண்மைக் கட்டுரையைப் படித்து அதில் எழும் கேள்வியோடு எழுதுவதற்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

படிப்பு முடிந்தபின் நாட்டில் தங்க முடியுமா?

தகுதிக்கேற்ற வேலை தேடுவதற்காக 18 மாதம் வரை தங்கும் அனுமதி பெறலாம். அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம்.

சிக்கல் வந்தால் யாரிடம் போவது?

பாடத்தைப் பற்றியதென்றால் துறையின் படிப்பு ஆலோசகர். தேர்வுப் பதிவு, மதிப்பெண், மருத்துவச் சான்று என்றால் தேர்வு அலுவலகம். சேர்க்கை, பருவப் பதிவு என்றால் மாணவர் செயலகம். விசா, தங்குமிடம் பற்றிய முதல் வழிகாட்டலுக்கு வெளிநாட்டு மாணவர் அலுவலகம். விடுதியையும் மென்சா எனப்படும் உணவகத்தையும் நடத்துவது பல்கலைக்கழகமே அன்று. மாணவர் நல அமைப்பு என்ற தனி நிறுவனம். விடுதிக்கான காத்திருப்புப் பட்டியல் நீளமானது என்பதால், இடம் உறுதியான அன்றே அங்கே விண்ணப்பித்துவிட வேண்டும். பழைய வினாத்தாள் வேண்டுமா, எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுக்கலாம் என்று கேட்க வேண்டுமா, துறை மாணவர் மன்றத்துக்குப் போங்கள். மூத்த மாணவர்கள் நடத்தும் அந்தச் சிறிய அறையில் கிடைக்கும் விவரம் எந்த இணையப் பக்கத்திலும் கிடைக்காது.

மின்னஞ்சல் எழுதும்போது மாணவர் எண், படிப்பின் பெயர், எந்த ஆண்டின் தேர்வு விதிமுறை உங்களுக்குப் பொருந்துகிறது என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். ஒரே படிப்புக்குப் பழைய விதிமுறையும் புதிய விதிமுறையும் அருகருகே நடைமுறையில் இருப்பது சாதாரணம்.

இறுதித் தோல்வி, நிராகரிப்பு போன்ற பெரிய முடிவுகள் எழுத்து வடிவ ஆணையாக வரும். அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் மேல்முறையீட்டு அறிவிப்பு இருக்கும்: எங்கே, எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று. பெரும்பாலும் அந்தக் காலம் ஒரு மாதம். சில மாநிலங்களில் எதிர்ப்பு மனு என்ற படியே இல்லாமல், அதே ஒரு மாதத்துக்குள் நேராக நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். மாணவர் பேரவைகள் பலவற்றில் இதற்கென்று இலவசச் சட்ட ஆலோசனை நேரம் உண்டு. கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே, தேதி முத்திரையுள்ள உறையோடு அங்கே போய்விடுங்கள்.